பனைநார்க் கட்டில்: பதினொரு மாதம் படுத்துப் பார்த்த பிறகு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். கட்டில் 16,500 ரூபாய். அதை ஏற்றிவந்த குட்டியானை வண்டிக்கு 700. ஐப்பசி மழையில் நனைந்து பழுதானதைச் சரிபார்க்க 600. ஆகமொத்தம் 17,800. நீளம் ஆறேகால் அடி, அகலம் மூன்றரை அடி, உயரம் ஒன்றேகால் அடி. உயரத்தைப் பற்றி ஒரு புகார் இருக்கிறது, அது கடைசியில். சட்டமும் காலும் பூவரசு. பின்னல் முழுக்கப் பனைநார், நைலான் ஒரு முழம்கூடக் கிடையாது. வாங்கியது ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடியிலிருந்து கன்னிராஜபுரம் போகும் வழியில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஓர் ஓலைக் கொட்டகையில். 2024 மே மாதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் வைத்ததுதான் நான் செய்த தப்பு. திண்ணையில் கட்டில், கட்டிலில் நான், பக்கத்தில் ஒரு சொம்பு, அவ்வளவுதான் படம். சென்னை ஓ.எம்.ஆரில் என்னோடு வேலை பார்த்தவர்களில் ஏழு பேர் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டார்கள்: "இதுல படுத்துத்தான் உனக்குச் சரியாச்சா? நம்பர் கொடு." ஒருத்தி பெசன்ட் நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். பால்கனியில் போடலாமா என்று அளவெல்லாம் எடுத்து அனுப்பிவிட்டாள். இவர்கள் காசைக் கொட்டுவதற்கு முன்னால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாம் என்றுதான் இது. கட்டில் நல்ல கட்டில். ஆனால் எனக்குத் தூக்கம் கொடுத்தது அது இல்லை.

நான் பேக்எண்ட் டெவலப்பர், கண்ணுக்குத் தெரியாமல் சர்வரில் ஓடுகிற நிரலை எழுதுகிறவள். பன்னிரண்டு வருட வேலை, கடைசி ஐந்து வருடம் பணப் பரிவர்த்தனை பார்க்கும் ஒரு கம்பெனியில். பெயர் வேண்டாம். சொந்த ஊர் நரிப்பையூர். கொரோனாவில் ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் இங்கிருந்தே வேலை பார்த்தேன். பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். அப்புறம் 2024 ஜனவரியில் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இரண்டாவது வருகையைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு கட்டிலுக்கு ஏன் இவ்வளவு எழுதுகிறாள் என்று தோன்றும்.

எங்கள் வேலையில் ஆன்-கால் என்று ஒன்று உண்டு. ராத்திரி சர்வரில் கோளாறு என்றால் போன் அலறும். அந்த வாரம் யார் முறையோ அவர் எழுந்து பார்க்க வேண்டும். ஏட்டில் ஆறு பேர் முறை. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், ஒருத்தி பிரசவ விடுப்பில் போனாள், மிச்சம் மூன்று. ஆக மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் என் தலையில். வாரத்துக்கு அறுபது எழுபது அலர்ட் வரும். எழுந்து உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டியது அதில் ஏழோ எட்டோ. மற்றதெல்லாம் தானாகவே அடங்கிவிடும். ஆனால் அடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளவே எழுந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்க வேண்டும். மூன்றாவது வருடத்தில், என் முறை இல்லாத வாரங்களிலும் ராத்திரி இரண்டரைக்குத் தானாக விழிப்பு வந்தது. போன் அடிக்கவில்லையே என்று போனை எடுத்துப் பார்ப்பேன்.

2023 நவம்பரில் ஒரு ராத்திரி, டேட்டாபேஸில் பெரிய டேபிள் ஒன்றுக்கு, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' என்ற ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். போஸ்ட்கிரஸ் என்ற அந்த டேட்டாபேஸில் அந்தச் சொல் இல்லாமல் இண்டெக்ஸ் போட்டால், போட்டு முடியும்வரை அந்த டேபிளில் எதையும் எழுத விடாது, படிக்க மட்டும்தான் விடும். எனக்குத் தெரியாததா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே இதைப் பாடம் எடுத்திருக்கிறேன். பதினொரு நிமிடம் யாருடைய பணமும் நகரவில்லை. தப்பு எல்லாருக்கும் வரும், அது போகட்டும். அந்தப் பதினொரு நிமிடமும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் பிற்பாடு பயமாக இருந்தது. பதற்றமும் இல்லை, வெட்கமும் இல்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனை வருவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாக. இன்னொருவர் எழுதிய நாலு வரி கோடைச் சரிபார்க்க முக்கால் மணி நேரம். காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் நேற்று என்ன செய்தேன் என்று சொல்லத் தெரியாமல் முந்தாநாள் சொன்னதையே சொன்னது. பல் டாக்டர் வேறு, ராத்திரி பல்லைக் கடிக்கிறீர்களா என்று கேட்டார். கண்ணாடியில் காட்டினார், கடைவாய்ப்பல் மேல்பக்கம், அரைத்து அரைத்துத் தேய்ந்த அம்மிபோல வழுவழுவென்று இருந்தது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பில் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் எழுதியபோது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றது. நீண்டநாள் வேலை அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்று சொல்லி மூன்று அடையாளம் கொடுத்திருக்கிறது: தெம்பு வற்றிப்போவது, வேலையை விட்டு மனசு விலகி அதன்மேல் கசப்பு வருவது, செய்கிற வேலையின் திறம் குறைவது. மூன்றும் எனக்குப் பத்துப் பொருத்தமாகப் பொருந்தின. 'சரியாகக் கையாளப்படாத' என்கிறார்களே, யார் கையாளாமல் விட்டது என்பதை மட்டும் எழுதவில்லை. நோய் இல்லை என்பதால் கம்பெனியின் விடுப்புப் பக்கத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. நான் முதுகுவலி என்று போட்டேன். அது முழுப் பொய்யும் இல்லை.

முதுகுவலி என்று போட்ட பாவத்துக்கு ஒரு மெத்தை வாங்கினேன். மெமரி ஃபோம், 38,000 ரூபாய். 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று கண்டுபிடித்த பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும். சூட்டில் இளக வேண்டும் என்றால் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மார்கழியில் சென்னையில் தெரியவில்லை. ஊருக்கு லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து மாசி கடைசியில் படுத்தபோது இட்லிக் கொப்பரைக்குள் படுத்த மாதிரி இருந்தது. மன்னார் வளைகுடா ஓரத்தில் பங்குனி சித்திரை என்றால் வெயில் மட்டுமில்லை, ராத்திரியிலும் உப்புப் பிசுபிசுப்பு உடம்பை விட்டுப் போகாது. கரண்டு போனால் கேட்கவே வேண்டாம்.

அப்பாதான் சொன்னார்: "தாத்தாவோட கட்டில் மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுவமா?" தாத்தாவின் நார்க்கட்டில் எங்கள் திண்ணையில் நான் எட்டாவது படிக்கும்வரை கிடந்தது. நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிப்போய், கடைசியில் சட்டம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. இப்போது நம் பக்கத்தில் நார்க்கட்டில் பின்ன ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்பாவுக்குத் தெரிந்து ஒரு பெரியவர்தான் இருந்தார். எழுபது வயசு இருக்கும். பனையேறி. கட்டில் பின்னுவது உபதொழில்.

"எத்தனை நாள் ஆகும் தாத்தா?"

"ஒரு பத்து நா வையி தாயி."

ஏழு வாரம் ஆயிற்று.

டெவலப்பர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நாமும் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் இழுக்கிற ஜாதிதான். ஆனால் அவர் ஏன் இழுத்தார் என்பது போய்ப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. நான் அப்போது ஐந்து வார விடுப்பில் இருந்தேன், வேறு வேலையும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறை கொட்டகைக்குப் போய்விடுவேன். ஆர்டர் நிலவரம் பார்க்க என்று பெயர்.

நான் போனது பதநீர்க் காலம். காலையில் ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை அவர் மரம் ஏற வேண்டும். பாளையை நாள்தோறும் சீவிவிட வேண்டும். விட்டுவிட்டால் ஊறுவது நின்றுபோகும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கியதை அன்றைக்கே காய்ச்சினால்தான் கருப்பட்டி. இதற்கு நடுவில் கிடைக்கிற மத்தியான நேரத்தில்தான் எனக்குக் கட்டில். பச்சை மட்டையை வெட்டி, இரண்டு ஓரத்திலும் ரம்பம்போல் இருக்கிற கருக்கைச் சீவித் தள்ளி, தண்ணீரில் ஊறப்போட்டு, நாரை நீளநீளமாக உரித்தெடுக்கிறார். பின்னும்போதும் நார் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்த நார் மடக்கினால் ஒடியும். ஈரத்தோடு இழுத்துப் பின்னினால் காயக்காயத் தானாக விறைத்துக்கொள்ளும். சட்டம் சாயல்குடி ஆசாரியிடம் செய்தது. கழுந்து, அதாவது செதுக்கிய முனை, துளையில் இறங்கி நிற்கிறது, ஓர் ஆணி கிடையாது. இரும்புக் கட்டில் இந்த உப்புக்காற்றில் என்ன பாடுபடும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் அவர் நார் உரிக்கும்போது என் வேலையைப் பற்றிக் கேட்டார். ராத்திரி எழுந்து பார்க்கிற கதையைச் சொன்னேன்.

"ராத்திரியில யாரு கூப்புடுவா?"

"மெஷின்தான் தாத்தா."

"மெஷினு கூப்புட்டா நீ எந்திரிக்கணுமா!" என்று ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம், "எனக்கும் பாளை அப்பிடித்தான். ஒரு நா சீவலேன்னா அடைச்சுக்கிரும். சாவு வீடுன்னாலும் ஏறிட்டுத்தான் போகணும்" என்றார். நாரை ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, "ஆனா ஆவணி பொறந்தா மரம் விட்ரும். உன் மெஷினு எப்ப விடும்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. காலாண்டு முடிந்தால் அடுத்த காலாண்டு என்று எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றி, சட்டத்துக்கு வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குறைகளை வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால் இங்கேயே தொடங்கலாம். 15,000 என்று பேசியது, நடுவில் 16,500 ஆனது. மட்டை வெட்ட ஆள் கூலி ஏறிவிட்டதாம். ரசீது என்ற பேச்சே இல்லை. வந்து இறங்கியபோது ஒரு கால் அரை விரற்கடை குட்டை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் என் சித்தப்பா மகன் வீட்டில்தான் இருந்தான். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாதே. அவனும் வண்டிக்காரரும் தூக்கிவந்து திண்ணையில் வைத்ததும் கட்டில் 'டக்' என்று ஒரு பக்கம் சாய்ந்தது. சிரட்டைத் துண்டு ஒன்றை அடியில் கொடுத்து நிறுத்தினான். பெரியவருக்குச் சொல்லி அனுப்பினேன்; மூன்றாம் வாரம் சைக்கிளில் உளியோடு வந்து மற்ற மூன்று காலையும் செதுக்கிச் சமமாக்கிவிட்டுப் போனார். அதற்குக் காசு வாங்கவில்லை. கட்டில் அரை விரற்கடை இன்னும் தாழ்ந்ததுதான் மிச்சம்.

முதல் பத்து நாள் வெறுங்கட்டிலில் படுக்க முடியாது. புது நாரில் சிலாம்பு இருக்கும். நைட்டி நூலைப் பிடித்து இழுக்கும், முழங்கையில் குத்தும். அம்மா ஒரு யோசனை சொன்னாள்: தேங்காய் நார்க் கத்தையை எடுத்து பின்னலின் வாக்கிலேயே நாலு நாள் தேய். தேய்த்தேன், வழுவழுப்பு வந்துவிட்டது. ஒரு ஜமுக்காளம் போதும். அதற்கு மேல் மெத்தை போட்டால் கட்டில் வாங்கியதே வீண், ஏனென்றால் இந்தக் கட்டிலின் முழு வித்தையும் அடியிலிருந்து வரும் காற்றில்தான் இருக்கிறது. பின்னல் இடுக்கு வழியே முதுகுக்குக் காற்று வரும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது முதுகு குளிர்ந்து நடுராத்திரியில் போர்வை தேடினேன். அதே வாரத்தில் அறைக்குள் மின்விசிறி நின்றால் மெமரி ஃபோமில் ஐந்து நிமிடம் தாங்காது.

வாசனையைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். முதல் மாதம் முழுக்கப் பச்சை மட்டை ஊறிய தண்ணீர் வாசனை. எனக்குப் பிடித்தது, அத்தைக்குக் குமட்டியது. புரண்டால் சத்தம் வரும். புரண்டு படுக்கிற ஆட்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் படுப்பவருக்குக் கஷ்டம்தான்.

கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முடியாது. ஓரத்தில் உட்கார்ந்தால் சட்டம் தொடையில் வெட்டும். நடுவில் உட்கார்ந்தால் பின்னல் அமுங்கி, முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். சம்மணம் போட்டு மடியில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன், இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போயிற்று. இதைக் குறையாக எழுதுவதா நிறையாக எழுதுவதா என்று யோசித்து இரண்டிலும் எழுதாமல் தனியாக எழுதுகிறேன்.

திண்ணையில் ஒரு பெண்பிள்ளை கட்டில் போட்டுப் படுப்பதா என்று அம்மா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தாத்தா படுத்தபோது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பிறகு வாசலுக்குத் தட்டி கட்டி, நாலு காலிலும் மூங்கில் குச்சி கட்டி, கொசுவலை போட்டதும் சமாதானம் ஆனாள். கொசுவலை அவசியம். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது அந்த ஏழு பேருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

மே மாதம் கட்டில் வந்தது. மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் நான் அதில் தூங்கவில்லை. படுத்தேன், அவ்வளவுதான். விடுப்பு முடிந்து ஊரிலிருந்தே வேலையைத் தொடர்ந்திருந்தேன், ஆன்-கால் முறையும் கூடவே வந்துவிட்டது. திண்ணைக்கு சார்ஜர் வயர் எட்டாது, அதனால் போனை உள்ளே வைத்துவிட்டுப் படுக்கலாம் என்று ஒரு கணக்கு போட்டிருந்தேன். என் முறை வந்ததும் பவர்பேங்க் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். என்ன வேகமான மூளை பாருங்கள். இரண்டரைக்கு விழிப்பு, கடல் சத்தம், கொசுவலைக்குள் நீல வெளிச்சம். கட்டில் மட்டும்தான் மாறியிருந்தது.

ஒரு ராத்திரி 14416க்குப் போன் செய்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேட்டார். நாள்கணக்கில் சொல்ல வரவில்லை, வருடக்கணக்கில் சொன்னேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மதுரையில் பார்த்தேன். மூன்று மாதம் மாத்திரை. படத்தில் அந்த மாத்திரை அட்டை சொம்புக்குப் பின்னால் இருந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மருத்துவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி, ராத்திரி வேலையை நிறுத்த முடியுமா என்பது. முடியாது என்றேன். கேட்டுப் பார்த்தீர்களா என்றார். கேட்டதே இல்லை.

கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். கடந்த ஆறு வாரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் வந்த அலர்ட் எல்லாவற்றையும் எடுத்து ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எழுந்தவர் என்ன செய்தார்' என்று எழுதினேன். மொத்தம் 412. அதில் 371க்கு எதிரே 'ஒன்றும் செய்யவில்லை'. அந்த ஷீட்டை மேனேஜருக்கு அனுப்பி, இரண்டு கேட்டேன்: எழுந்து எதுவும் செய்யத் தேவையில்லாத அலர்ட் ராத்திரியில் அடிக்கக் கூடாது, காலையில் டிக்கெட்டாக, அதாவது வேலைக் குறிப்பாக, வந்தால் போதும், ஆறு மாதத்துக்கு என் பெயர் ஆன்-கால் பட்டியலில் இருக்கக் கூடாது. முதலாவதற்கு உடனே சரி என்றார். இரண்டாவதற்கு டீம் சின்னது, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், இந்தக் காலாண்டு மட்டும் பொறுத்துக்கொள் என்று இழுத்தார். காலாண்டு என்றதும் எனக்குப் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து வைத்திருப்பதாகச் சொன்னேன். அப்போது டைப் செய்திருக்கவில்லை. இன்னொரு டீமிலிருந்து இரண்டு பேரைப் பட்டியலில் சேர்த்தார்கள், என் பெயரை எடுத்தார்கள். மாதம் 6,000 ரூபாய் ஆன்-கால் படி போயிற்று.

இது ஜூலை கடைசியில். ஆகஸ்ட் முழுக்கவும் இரண்டரை விழிப்பு நிற்கவில்லை. உடம்புக்கு நம்பிக்கை வர நாளாகும்போல. செப்டம்பரில் ஒருநாள் கண் விழித்தபோது வெயில் திண்ணைப் படியில் ஏறியிருந்தது, அம்மா வாசலில் மீன்காரம்மாவிடம் நகரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். எட்டு மணி. கன்னத்தில் பின்னல் பதிந்திருந்தது. அன்றைக்கு எடுத்த படம்தான் அந்த ஸ்டேட்டஸ்.

அதனால் பெசன்ட் நகர்த் தோழிக்கு: கட்டிலுக்கு அளவு எடுத்தது போதும், முதலில் அந்த ஷீட்டைப் போடு. மாதிரி வேண்டுமானால் என்னிடம் இருக்கிறது, இலவசம்.

இனி பராமரிப்பு. மழைதான் இதற்கு எமன். அக்டோபரில் மீட்டிங் என்று சென்னைக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் சாரல் திண்ணைக்குள் அடித்திருக்கிறது, யாரும் உள்ளே எடுத்துப் போடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கால்மாட்டுப் பக்கம் கரும்புள்ளி, பின்னல் இரண்டு விரல் தொங்கல். பெரியவர் வந்து பூஞ்சை பிடித்த நாரை மட்டும் அறுத்தெடுத்துப் புது நார் கொடுத்துப் பின்னினார். அரைநாள் வேலை, அந்த 600 ரூபாய் இதற்குத்தான். புது நார் வெளுப்பாகவும் பழைய நார் மங்கலாகவும் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. தொங்கல் முழுசாகப் போகவில்லை. நாளெல்லாம் வெயிலிலும் போடக் கூடாது, நார் மொரமொரவென்று ஆகி ஒடியும் என்றார். வாரத்துக்கு ஒருதடவை காலை வெயிலில் ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்தால் மூட்டைப்பூச்சி அண்டாதாம். இதுவரை அண்டவில்லை.

டிஸ்க் பிரச்சினை, இடுப்பில் அறுவை சிகிச்சை என்று இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். என் முதுகுக்கு ஒத்துக்கொண்டது. என் முதுகுவலியே பாதி கதை என்பதால் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். பிளாட்டில் இருப்பவர்களுக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அடியில் காற்று ஓட இடமில்லாத அறையில் இது வெறும் கடினமான கட்டில். அந்த விலையில் கால்வாசி கொடுத்தால் நைலான் நாடாக் கட்டில் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும், மழைக்கும் பயமில்லை. ஆனால் நாடா வேர்வையில் முதுகோடு ஒட்டும்.

வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் மாசியிலிருந்து ஆடி வரை போகாதீர்கள். பெரியவருக்கு மரம்தான் முதல். ஆவணிக்கு மேல் போனால் பத்து நாள் என்று சொன்னதை இருபது நாளில் முடித்துக்கொடுப்பார் என்று அப்பா சொல்கிறார். போன் நம்பர் கேட்காதீர்கள், அவரிடம் போனே இல்லை. கன்னிராஜபுரம் போகிற வழியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் கொட்டகையைக் காட்டுவார்கள். கட்டிலுக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பிடித்த ஒன்று, உயரத்துக்காக. அதில் தப்பு பாதி என்னுடையது.

அவர் வழக்கமாகப் போடுவது ஒன்றே முக்கால் அடி. நான்தான் இணையத்தில் ஏதோ வீட்டு அலங்காரப் படத்தைப் பார்த்துவிட்டு, தாழ்வாக இருந்தால் அழகு என்று ஒன்றேகாலுக்கு இறக்கச் சொன்னேன். அவர் இரண்டுதடவை கேட்டார், நிஜமாவா தாயி என்று. இப்போது அம்மா உட்கார்ந்தால் முழங்கால் வலியில் எழுந்திருக்க ஆள் தேடுகிறாள். அது போக, எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் கோழியைப் பஞ்சாரத்தோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். பஞ்சாரம் இதற்கு அடியில் நுழையவில்லை. அதனால் கார்த்திகை முழுக்கக் கோழிகள் உள் அறையில் அடைந்தன, சுவரில் சாத்தி வைத்த அந்த 38,000 ரூபாய் மெத்தையின் மேல். மெத்தைக்கு விமர்சனம் வேண்டுமென்றால் இனி அவற்றிடம்தான் கேட்க வேண்டும்.